டிவி எத்தனை இன்ச்? சோபாவிலிருந்து டேப் பிடிங்க

சுவத்துல டிவி மாட்டிக் கொடுக்கிறது என் தொழில். திருச்சியில தில்லை நகர் அபார்ட்மென்ட்டும் போவேன், பாலக்கரை லைன் வீடும் போவேன். எல்லா இடத்துலயும் ஒரே கேள்விதான்: "ஹால் பெருசு, எத்தனை இன்ச் வாங்கலாம்?" ஹாலை விடுங்க, எங்க உட்காந்து பாப்பீங்கன்னு சொல்லுங்கன்னுதான் நான் கேப்பேன்.

ஹால் 16க்கு 10 அடின்னு வைங்க. நீளச் சுவரோரம் சோபா, எதிர்ச் சுவத்துல டிவி. அப்போ கணக்குல வர்றது அந்த 10 அடிதான். சாஞ்சு உட்காந்தா தலை சுவத்தை விட்டு 2 அடி முன்னால வந்துடும். மிச்சம் 8 அடி, அதாவது 96 இன்ச். இதை 1.6ஆல வகுத்தா 60 வரும். சினிமாவும் கிரிக்கெட்டும் அதிகம் பாக்குற வீடுன்னா 55 இல்லாட்டி 65 எடுக்கலாம். நியூஸும் சீரியலும் மட்டும் ஓடுற வீடா? 2ஆல வகுங்க, 48 வரும். 43ஓ 50ஓ தாராளம்.

ஒண்ணு கவனிங்க. வீட்ல ஹெச்டி இல்லாத பழைய கேபிள் பாக்ஸ் இருந்தா, அந்தப் படத்தை 65ல போட்டதும் மூஞ்சியெல்லாம் மெழுகு மாதிரி வழியும். மொதல்ல பாக்ஸை மாத்துங்க, அப்புறம் பெரிய டிவியைப் பத்தி யோசிங்க.

பெட்ரூம்னா 32 போதும்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்றாங்க. 10க்கு 10 ரூம்ல கட்டில் தலைமாட்டுல சாஞ்சு பாத்தா எதிர்ச் சுவர் எட்டரை அடி தள்ளி இருக்கு. ஹாலை விட அதிகம்! 43 போட இடமிருந்தா போட்டுடுங்க. பழைய 29 இன்ச் டப்பா டிவியில வந்த படத்தோட உயரம்கூட 32ல கிடைக்காது; அது அகலத்துலதான் பெருசு. 32க்கு 18, அதுக்கு மேல 28 சதவீதம்னு ஜிஎஸ்டி இருந்தப்போ யோசிச்சதுல நியாயம் இருந்துச்சு. 2025 செப்டம்பர் 22லேருந்து எல்லாத்துக்கும் 18தான்.

இன்ச்ங்கிறது மூலைக்கு மூலை அளவு. சுவத்துக்கு வேண்டியது அகலமும் உயரமும். 43ன்னா சுமார் 37½க்கு 21 இன்ச், 55ன்னா 48க்கு 27, 65ன்னா 57க்கு 32. ஓரத்துச் சட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் சேத்துக்குங்க. பழைய பேப்பரை அந்த அளவுக்கு ஒட்டி சுவத்துல மாட்டி, ரெண்டு நாள் அப்படியே விடுங்க. கதவு திறந்தா இடிக்குதா, ஸ்விட்ச் போர்டு மறையுதா, எதிர் ஜன்னல் வெளிச்சம் நேரா விழுதா, எல்லாம் அதுலயே தெரிஞ்சுடும். சிமென்ட் சிலாப் போட்ட ஷோகேஸ் வீடுகள்ல உள் அகலத்தைத்தான் அளக்கணும். பூச்சுப் பூசினதுல மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு இருக்கும், குறைஞ்சதை எடுத்துக்குங்க.

உயரத்துலதான் எனக்கும் வீட்டுக்காரங்களுக்கும் சண்டையே. "குழந்தை கை படாம மேல மாட்டுங்க"ன்னு அஞ்சடியில கை காட்டுவாங்க. சோபாவுல உட்காந்தா கண்ணு தரையிலேருந்து ஏறக்குறைய 40 இன்ச்சுல இருக்கும்; திரையோட நடுப்பகுதி அதுக்கு நேரா வரணும். 55க்குக் கீழ் விளிம்பு 27 இன்ச்சுல வந்தா சரி. பாட்டி பாய் போட்டுத் தரையில உட்காந்து பாக்குற வீடுன்னா இன்னும் ரெண்டு மூணு இன்ச் இறக்கிடுவேன். அஞ்சடியில மாட்டினா அவங்க அண்ணாந்தேதான் சீரியல் பாக்கணும். படுத்துக்கிட்டுப் பாக்குற பெட்ரூமுக்கு மட்டும் மேல ஏத்தலாம், முன்பக்கம் சாயுற ஸ்டாண்டா வாங்கிக்குங்க.

ஸ்டாண்டு இல்லாம மேஜையில வைக்கிறவங்க, ரெண்டு காலுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு கடையிலயே அளந்துடுங்க. பெரிய டிவியில காலு ரெண்டு ஓரத்துலயும் இருக்கும், மேஜை பத்தாது. 65 வாங்கினா பெட்டி லிஃப்ட்ல நிக்குமா, மாடிப்படி திருப்பத்துல திரும்புமான்னும் பாத்துக்குங்க. பெட்டியைப் படுக்க வச்சுத் தூக்க விடாதீங்க.