அப்பத்தாவின் தேக்கு மேசை மறுபடி மின்னியது

ரங்கூன் வீட்டு முன்னறையைப் பழங்காலப் பகட்டோடு அலங்கரிக்க எனக்கு ஆசை. அப்பத்தாவின் தேக்கு அலங்கார மேசைக்கு ஆடி மழையில் அரக்குப் பாலிஷ் போட்டேன். மறுநாளே பால் கொட்டியதுபோல் வெளுத்துவிட்டது. அழுகையே வந்தது.

காரணம் காற்றின் ஈரம். நல்லவேளை, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மழை ஓய்ந்த நவம்பரில், சாமி விளக்கைக் குளிரவைத்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் பஞ்சை முடிந்து, சில சொட்டு ஸ்பிரிட் விட்டு, நிற்காமல் மேலாக இழுத்தேன். ஓரிடத்தில் நின்றால் பாலிஷே உரிந்துவிடும். அதனால் முதலில் இழுப்பறையின் பின்பக்கம் சோதித்துக்கொண்டேன். நாலாவது இழுப்பில் வெண்மை விலகி, தேன் நிறத்தில் மரத்தின் ரேகைகள் தெரிந்தன!

அப்புறம் வெல்வெட் முக்காலி, பித்தளை விளக்கு. மேசையின் ரசம் போன கண்ணாடியை மட்டும் மாற்றவில்லை. அதில் பார்த்துத்தான் அப்பத்தா பொட்டு வைத்துக்கொள்வாள்.