மாரிக்கு முன் காரைப் பாருங்கள், பெற்றோலும் மிஞ்சும்

கச்சான் காற்று ஓய்ந்து மாரி தொடங்குவதற்குள் திருகோணமலைக் கார்களில் முதலில் பார்க்கவேண்டியது பிறேக்தான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில் நிற்கும் கார்களுக்கு உப்புக்காற்றால் பிறேக் கலிப்பரின் (பிறேக் கட்டையை அழுத்தும் பகுதி) நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகிவிடும். பிறேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பிறேக் கட்டை, சில்லோடு சுழலும் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசலையும் சேர்த்து எஞ்சின் இழுப்பதால் பெற்றோல் வீணாகும். கண்டுபிடிப்பது சுலபம். பிறேக்கை அதிகம் மிதிக்காமல் 10 கிலோமீற்றர் ஓடி நிறுத்துங்கள். 4 சில்லுகளுக்கும் கிட்ட உள்ளங்கையைக் காட்டுங்கள், தொடவே வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் கோளாறு அங்கேதான். பின்னைக் கழற்றித் துருவைத் துடைத்து, பிறேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிறீஸ் பூசச் சொல்லுங்கள். சாதாரண கிறீஸ் பூசினால் பின்னை மூடியிருக்கும் றப்பர் ஊதி, அந்தப் பின் மறுபடியும் இறுகும்.

டயர் காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன் பாருங்கள். சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவே சரி. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு, அதுவரை அடித்தால் ஈர வீதியில் பிடிப்புக் குறையும். டயர் தவாளிப்பின் (தரையில் படும் பக்கத்திலுள்ள பள்ளக் கோடுகள்) ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போயிருந்தால் மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

பற்றரி முனையில் உப்புப்போலப் பூத்திருந்தால் முனைகளைக் கழற்றி, ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் தேய்க்கவும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது அது கடைசியில். மாறிச் செய்தால் ஸ்பானர் காரின் பொடியில் (உலோக உடலில்) பட்டுத் தீப்பொறி பறக்கும்.