கால்சியம் ரியாக்டர்: இரண்டு திருகையும் ஒரே நாளில் தொடாதீர்கள்

சிங்கப்பூரில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில், பவளம் வளர்க்கும் தொட்டியும் அதோடு இணைந்த வடிகட்டித் தொட்டியான சம்பும் சேர்த்து 400 லிட்டர் கடல்நீர் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வருடம் சாஃப்ட் கோரல் மட்டும்தான். அப்புறம் அக்ரோபோரா என்னும் கல்பவளத்தின் மேல் ஆசை வந்தது. அதிலிருந்து தண்ணீரின் கே.எச் (கார்பனேட் காரத்தன்மை) தினமும் ஒன்றரை டிகிரி இறங்க ஆரம்பித்தது. கால்சியம் குளோரைடும் சோடியம் பைகார்பனேட்டும் கலக்கிக் கலக்கிச் சலித்துப்போய், பவளம் எடுத்ததைத் தண்ணீருக்குத் திருப்பித் தரும் கால்சியம் ரியாக்டர் வாங்கினேன். அது ஒழுங்காக ஓட ஐந்து மாதம் ஆனது. அதில் நான்கு மாதம் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்ததில் போனது. அந்த நான்கு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உப்பு கலக்குவது, ஆர்.ஓ (வடிகட்டிச் சுத்தப்படுத்திய) தண்ணீர், ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கை எடுக்கும் கருவி) எல்லாம் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். தொட்டி 200 லிட்டருக்குள் என்றாலோ, கே.எச் நாளுக்கு அரை டிகிரிகூட இறங்கவில்லை என்றாலோ இந்த வேலையே வேண்டாம், மருந்தை அளந்து விடும் டோஸிங் பம்ப் போதும்.

உள்ளே நடப்பது எளிமையான விஷயம். கல்பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் எலும்பைக் கட்டுகிறது. ரியாக்டரில் அது தலைகீழாக நடக்கிறது. பழைய பவள எலும்பையோ அரகோனைட் என்னும் சுண்ணாம்பு மணியையோ (இதைத்தான் மீடியா என்கிறேன்) ஒரு குடுவையில் அடைத்து, அதிலுள்ள தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடை விட்டு அமிலமாக்குகிறோம். பி.எச் 6.6 அளவுக்கு இறங்கியதும் மீடியா மெல்லக் கரைந்து, கால்சியமும் காரத்தன்மையும் எந்த விகிதத்தில் பவளம் எடுத்ததோ அதே விகிதத்தில் திரும்பி வருகிறது. ஒரு டிகிரி கே.எச்சுக்குச் சுமார் 7 பி.பி.எம் (லிட்டருக்கு மில்லிகிராம்) கால்சியம்.

(தூத்துக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளக்கல்லைத் தோண்டிச் சுண்ணாம்புக் காளவாயில் சுட்டார்கள். இந்தியாவில் 2001-இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதனால் அங்கே இருந்து படிப்பவர்கள் கடலிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்க நினைக்காதீர்கள், செத்த கல்லாக இருந்தாலும்.)

முதல் வேலை: தொட்டி எவ்வளவு சாப்பிடுகிறது?

டோஸிங்கை மூன்று நாள் நிறுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில் கே.எச் அளந்து எழுதுங்கள். எனக்கு 8.6, 7.1, 5.6 என்று வந்தது. அதாவது நாளுக்கு 1.5. உங்களுக்கும் இவ்வளவு வேகமாக இறங்கினால் இரண்டாம் நாளே நிறுத்திவிடுங்கள், நான் மூன்றாம் நாள்வரை போனது வீம்பு. அளக்க, எண்ணைத் திரையில் காட்டும் ஹன்னா செக்கர்தான் என் தேர்வு. நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் கிட்டில் எனக்கும் என் மனைவிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் வரும்.

அடுத்தது இதைவிட முக்கியம். ரியாக்டர் இருக்கும் அளவைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்; குறைந்து கிடப்பதை ஏற்றிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் கையால் மருந்து போட்டு கால்சியம் 420 பி.பி.எம், கே.எச் 8, மெக்னீசியம் 1,350 பி.பி.எம் பக்கம் கொண்டுவந்துவிட்டுத்தான் ரியாக்டரை இணைக்க வேண்டும்.

சாமான்கள்

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் மரை எந்த வகை என்று பார்த்துவிட்டு, வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வாங்குங்கள். டபிள்யூ 21.8-ம் சி.ஜி.ஏ 320-ம் ஒன்றில் ஒன்று பொருந்தாது. ரெகுலேட்டர், அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைக்கும் டூயல் ஸ்டேஜாக இருக்கட்டும். சிங்கிள் ஸ்டேஜில் சிலிண்டர் தீரும் நேரத்தில் மிச்ச வாயு மொத்தமும் ஒரே மூச்சாகக் குடுவைக்குள் போய்விடுகிற ஆபத்து உண்டு. சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), நீடில் வால்வு (வாயுவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் திருகு), குமிழி எண்ணி, செக் வால்வு (ஒருவழி வால்வு) எல்லாம் வேண்டும். செக் வால்வு இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் பின்னோக்கி ஏறி ரெகுலேட்டரைத் தின்றுவிடும். வாயுவுக்குச் சிலிக்கான் குழாய் போடாதீர்கள், அதன் சுவர் வழியாகவே கார்பன் டை ஆக்சைடு நழுவும். பாலியூரித்தேன் குழாய் வாங்குங்கள். குமிழி எண்ணியில் தண்ணீர் வற்றிவிடுகிறது என்று நான் கிளிசரின் ஊற்றுகிறேன்.

மீடியாவில் கரீப்சீயின் ஏ.ஆர்.எம், டூ லிட்டில் ஃபிஷீஸின் ரீபார்ன் இரண்டும் போட்டுப் பார்த்தேன். ரீபார்ன் பெரிய துண்டு, தண்ணீர் தாராளமாக ஓடும், எனக்கு அதுதான் பிடித்தது. எதுவானாலும் வெள்ளைத் தூசி போகும்வரை ஆர்.ஓ தண்ணீரில் அரிசி களைவதுபோல் களைந்து போடுங்கள்.

செலவைக் குறைக்க நினைத்தால் எங்கே வேண்டுமானாலும் குறையுங்கள், நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பம்பில் மட்டும் வேண்டாம். நாள் முழுக்க ஓடத் தாங்கும் பெரிஸ்டால்டிக் பம்ப் (குழாயை உருளையால் அழுத்தி நீரை நகர்த்துவது) வாங்குங்கள். என்னிடம் இருப்பது கமோயர். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

இணைப்பது

சம்பிலிருந்து தண்ணீர் குடுவைக்குள் வரும், குடுவையின் சொந்தப் பம்ப் அதை மீடியா வழியாகச் சுற்றவிடும், பெரிஸ்டால்டிக் பம்ப் வெளியேறும் பக்கத்தில் நின்று உறிஞ்சும். உள்ளே தள்ளும் பக்கத்தில் வைப்பவர்களும் உண்டு. வெளிப்பக்கம் வைத்தால் மூடி சரியாக இறுகாவிட்டாலும் பெரும்பாலும் காற்று உள்ளே வரும், தண்ணீர் தரையில் ஓடாது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் இருப்பது எனக்கு முக்கியம். உள்ளே போகும் குழாயின் வாயில் ஒரு சிறு ஸ்பாஞ்சைச் செருகிவிடுங்கள்.

வாயுவைத் திறக்காமல் ஒரு ராத்திரி தண்ணீரை மட்டும் ஓடவிடுங்கள். காலையில் மூடியைச் சுற்றி டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். அப்புறம் சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். நுரை பொங்கினால் கசிவு. ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் வாஷரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சிலிண்டரைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு விரிந்தால் அரை கனமீட்டருக்கு மேல் வரும். ஏ.சி போட்டு மூடிய சின்ன அறையில் இரண்டு கிலோ கசிந்தால் விளையாட்டில்லை.

பி.எச் புரோபை 7.01, 4.01 கரைசல்களில் கேலிபரேட் செய்யுங்கள். தொட்டிக்குச் செய்யும் பழக்கத்தில் 7-ம் 10-ம் போட்டால் 6.6-இல் காட்டுவதை நம்ப முடியாது.

நான் மாட்டிக்கொண்ட இடம்

இங்கே மெதுவாகப் படியுங்கள். ரியாக்டரில் இரண்டு திருகு. ஒன்று வாயு எவ்வளவு போகிறது என்பது, இன்னொன்று தண்ணீர் எவ்வளவு வெளியே வருகிறது என்பது. ஒன்றைத் தொட்டால் மற்றதன் விளைவும் மாறும். ஓட்டம் குறைந்தால் அதே குமிழிக்குப் பி.எச் இன்னும் இறங்கும். ஓட்டம் கூடினால் பி.எச் ஏறும்.

என் முதல் அமைப்பில் பெரிஸ்டால்டிக் பம்ப் இல்லை, பி.எச் பார்த்து வாயுவை நிறுத்தும் கண்ட்ரோலரும் இல்லை. வெளியேறும் குழாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வால்வு, அதில் சொட்டுச் சொட்டாக விட்டேன். சொட்டுகளை எண்ணி, குமிழிகளை எண்ணி, ஒரு நோட்டில் எழுதிப் பெருமையாக வைத்திருந்தேன். அந்த வால்வின் துளையில் சுண்ணாம்பு படிந்து, பத்து நாளில் ஓட்டம் பாதியானது எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் தொட்டியில் கே.எச் இறங்குகிறது என்பதுதான். வாயு போதவில்லை என்று நீடில் வால்வைத் திறந்தேன். மறுநாளும் இறங்கியது, இன்னும் திறந்தேன். மூன்றாம் நாள் சொட்டு குறைந்திருப்பது கண்ணில் பட்டது. உடனே அந்த வால்வையும் முழுக்கத் திறந்துவிட்டுத் தூங்கப் போனேன்.

அதுவரை குடுவைக்குள் தேங்கிக் கரைந்துகொண்டிருந்த தண்ணீர் முழுதும் ராத்திரியோடு ராத்திரியாகத் தொட்டிக்குள் வந்தது. கே.எச் 7.1-லிருந்து காலைக்குள் 10.4. இரண்டு நாளில் அக்ரோபோராவின் நுனிகள் தோல் உரிந்து வெள்ளையாக நின்றன. குடுவையைத் திறந்தால் அடியில் மீடியா குழைந்த பச்சரிசிச் சாதம் மாதிரி இருந்தது, விரலால் நசுக்கினால் மசிந்தது. பி.எச் 6.3-க்குக் கீழே போனால் மீடியா இப்படித்தான் ஆகும்.

இதன் பிறகு வைத்துக்கொண்ட முறை இது. ஓட்டத்தைப் பம்பால் பூட்டிவிடு, வாயுவை மட்டும் தொடு, தொட்டபின் 24 மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இரு.

டியூன் செய்வது

ஓட்டம் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டாம், கணக்கு இருக்கிறது. 400 லிட்டர், நாளுக்கு 1.5 டிகிரி. பெருக்கினால் 600. வெளியேறும் நீரின் கே.எச் 30 இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறேன். தொட்டியில் ஏற்கெனவே 8 இருப்பதால் ஒவ்வொரு லிட்டரும் 22 கொண்டுவருகிறது. 600-ஐ 22-ஆல் வகுத்தால் நாளுக்கு 27 லிட்டர் சொச்சம், அதாவது நிமிடத்துக்கு 19 மில்லி. பம்பை அதில் வையுங்கள். வைத்தபின் அளவுக் குவளையும் கைக்கடிகாரமுமாக ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள், திரையில் காட்டும் எண்ணும் குவளையில் விழுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

வேலை அழுத்தம் ஒரு பார், நிமிடத்துக்கு 30 குமிழி என்று தொடங்குங்கள். என் குமிழியின் அளவும் உங்கள் குமிழியின் அளவும் வேறு, அதனால் இது தொடக்கம் மட்டுமே. குடுவையின் பி.எச் மெல்ல இறங்கும். 6.6-இல் நிற்கும்வரை நீடில் வால்வை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். மறுநாள் அதே நேரம் வெளியேறும் நீரைப் பிடித்து கே.எச் பாருங்கள். சோதனைக் கருவியின் எல்லையைத் தாண்டும் என்பதால் ஒரு பங்கு நீருக்கு மூன்று பங்கு ஆர்.ஓ கலந்து, வரும் எண்ணை நான்கால் பெருக்குங்கள். 25-க்குக் கீழே இருந்தால் பி.எச்சை 0.05 இறக்குங்கள். 35-க்கு மேல் போனால் அதே அளவு ஏற்றுங்கள். மறுபடி ஒரு நாள் பொறுங்கள்.

அப்புறம் தொட்டியின் கே.எச்சைத் தினமும் பாருங்கள். ஒரு வாரம் 0.2-க்குள் ஆடினால் வேலை முடிந்தது. பவளம் வளர வளரப் பசியும் கூடும். முதலில் வாயுவைக் கூட்டிப் பி.எச் 6.5 வரை போங்கள். அதற்கு மேலும் வேண்டியிருந்தால் வாயுவை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டத்தைப் பத்து சதவீதம் ஏற்றுங்கள். அன்றைக்கு வாயுத் திருகைத் தொடக்கூடாது.

கண்ட்ரோலர் இருப்பவர்கள் சோலனாய்டை நம்பி நீடில் வால்வைத் தாராளமாகத் திறந்து வைக்கிறார்கள். நான் செய்வதில்லை. சோலனாய்டு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? வால்வைக் கொண்டே 6.6-இல் நிற்க வைத்துவிட்டு, 6.45-இல் வாயுவை நிறுத்தும்படி கண்ட்ரோலரைக் காவலுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்து அமைத்தவர்களில் இரண்டு பேருக்குக் குடுவைப் பம்ப் கடகடவென்று சத்தம் போட்டதாம். மேலே வாயு தேங்கிப் பம்புக்குள் இழுபடுகிறது. பி.எச் 6.6 வந்த பிறகும் வாயு கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். குறையுங்கள். மேல்மூடியிலிருந்து வாயுவைப் பம்பின் வாய்க்குத் திருப்பும் குழாய் இருக்கும் ரியாக்டரில் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொருவருக்குத் தொட்டியின் பி.எச் ராத்திரியில் 7.7-க்கு வந்துவிட்டது. வெளியேறும் நீரில் மிச்ச வாயு இருக்கும், ஓரளவு இறங்கத்தான் செய்யும். அந்தச் சொட்டை ஸ்கிம்மரின் பம்ப் வாயருகே விடுங்கள். ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை நீட்டிச் சன்னலுக்கு வெளியே வையுங்கள். ஏ.சி போட்டு நான்கு பேர் தூங்கும் வீட்டில் உள்ளே இருக்கும் காற்றே கார்பன் டை ஆக்சைடுதான். எனக்குக் குழாயை வெளியே நீட்டியதில் மட்டும் 0.15 ஏறியது.

சிலிண்டர் தீருகிறதா என்று மீட்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. உள்ளே திரவமாக இருக்கும்வரை முள் அசையாது, திரவம் தீர்ந்ததும் மளமளவென்று விழும். எடை போடுங்கள். என் சிலிண்டர் காலியாக 4.1 கிலோ, நிரப்பினால் 6.1. மாதம் ஒருமுறை குளியலறைத் தராசில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுகிறேன், என் எடையைக் கழிக்கிறேன். 4.4 வந்தால் அந்தச் சனிக்கிழமை கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.