எடை குறைந்த பிறகும் நிற்காத பட்டினியும் பயிற்சியும்: மீள்வது எப்படி?

எடையைக் குறைக்க விரும்புகிறவருக்கு என்ன உண்பது, எவ்வளவு நடப்பது என்று சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குறைத்து முடித்தவருக்கு எங்கே நிறுத்துவது என்று சொல்ல அநேகமாக யாரும் இருப்பதில்லை. நினைத்த எடையை எட்டிய பிறகும், விட்ட எடை திரும்பி வந்துவிடுமோ என்ற அச்சத்தில் உணவை மேலும் குறைத்து, பயிற்சியை மேலும் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் பலர். காலையில் சட்னி தொடாமல் இரண்டு இட்லி, மதியம் சாம்பாரிலிருந்து பொறுக்கி எடுத்த காய், மாலையில் ஜிம், இரவு பதினொரு மணிக்குக் கைக்கடிகாரம் 10,000 அடிகள் காட்டும்வரை மொட்டை மாடியில் நடை என்று அவர்களுடைய நாள் கழிகிறது. (அந்தப் பத்தாயிரம் என்ற இலக்கு, 1965ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவிக் கருவியின் வழியாகப் பரவியதே தவிர, மருத்துவர்கள் வகுத்த எல்லை அன்று.) இந்த வழிகாட்டி அத்தகையோருக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் உரியது.

உடலில் நடப்பது என்ன

உண்ட உணவிலிருந்து பயிற்சிக்குச் செலவான ஆற்றல் போக எஞ்சுவதைக் கொண்டே இதயம், மூளை, எலும்பு, சுரப்பிகள், நோய் எதிர்ப்பு ஆகிய அனைத்தும் இயங்கியாக வேண்டும். எஞ்சுவது போதாமல் போனால், உயிர் தரிக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடல் ஒவ்வொன்றாகக் குறைக்கத் தொடங்குகிறது. டி3 என்ற தைராய்டு ஹார்மோன் இறங்குகிறது. சினைப்பையைத் தூண்ட மூளையிலிருந்து வரும் ஹார்மோன் துடிப்புகள் மந்தமாகி மாதவிடாய் தள்ளிப்போகிறது அல்லது நின்றுவிடுகிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்து உடலுறவில் நாட்டம் மங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்த உடலில் எலும்பு அடர்த்தியும் கரைகிறது. இந்தப் பாதிப்புகளின் தொகுப்பை விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்ற பெயரில் 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அறிவித்து, 2023இல் புதுப்பித்தது. விளையாட்டு வீரர்களுக்காக எழுதப்பட்டதாயினும், அலுவலகத்துக்குப் போய்வந்துகொண்டே இரு வேளை பயிற்சி செய்கிறவருக்கும் அது அப்படியே பொருந்தும்.

மனத்தில் நிகழும் மாற்றத்துக்கு இன்றளவும் சிறந்த சான்று, 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் நடத்திய சோதனை. உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள் 24 வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி உணவில், வாரம் 35 கிலோமீட்டர் நடந்து, ஏறத்தாழக் கால் பங்கு எடையை இழந்தார்கள். இன்று பலர் தாமாகவே மேற்கொள்ளும் உணவுக் கட்டுப்பாடு இதைவிடக் கடுமையானது என்பதைக் கவனியுங்கள். அவர்கள் எந்நேரமும் உணவையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எரிச்சலும் சோர்வும் அடைந்தார்கள், வெயில் காலத்திலும் குளிர்கிறது என்றார்கள். ஆகவே, நாள் முழுதும் சமையல் காணொளிகளைப் பார்த்துக்கொண்டே உண்ண மறுக்கும் ஒருவரை மன உறுதி இல்லாதவர் என்றோ நடிக்கிறார் என்றோ சொல்வது அறியாமை; அது பசித்த மூளையின் இயல்பான வேலை.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்

எடைக் கருவி இந்தப் பற்றாக்குறையைக் காட்டாது; வெளிப்பார்வைக்கு நடுத்தர எடையில் இருப்பவரும் இந்த நிலையில் இருக்கலாம். தலை வாரும்போதும் குளிக்கும்போதும் முடி கொத்தாக வருவது பெரும்பாலும் கடும் பட்டினி தொடங்கி இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே தெரியும் என்பதால், பலர் அதைத் தண்ணீரின் மீதும் ஷாம்பூவின் மீதும் ஏற்றிவிடுகிறார்கள். கை கால்கள் சில்லிடுவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, மலச்சிக்கல், அதிகாலை மூன்று மணிக்குப் பசியோடு விழிப்பது, சளி பிடித்தால் விடாமல் இருப்பது ஆகியவையும் இதில் அடங்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தை விரலால் அழுத்தினால் வலித்தால், அது தசைப்பிடிப்பாக இல்லாமல் எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கக்கூடும். அதன் மேல் ஓடுவது ஆபத்தானது. வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது. பயிற்சியைத் தவறவிட்ட நாளில் குற்ற உணர்வு, கல்யாணப் பந்தியைத் தவிர்க்கச் சாக்குத் தேடுவது, உண்டதற்கு ஈடாக ஓடுவது ஆகியவை உடற்குறிகளுக்குச் சற்றும் குறையாத எச்சரிக்கைகள்.

மாதவிடாய் மூன்று மாதங்கள் வராவிட்டால், பயிற்சி செய்வதால் அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

தேவையை மதிப்பிடுவது

உடல் எடையில் கொழுப்பை நீக்கிய பகுதியின் ஒவ்வொரு கிலோவுக்கும், பயிற்சிச் செலவு போக, நாளொன்றுக்குச் சுமார் 45 கலோரி எஞ்சினால் உடலின் வேலைகள் சீராக நடக்கும் என்றும், 30க்குக் கீழே இறங்கினால் பாதிப்புகள் கூடும் என்றும் பெண்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டின. 60 கிலோ எடையும் 25 சதவீதக் கொழுப்பும் உள்ள பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கிய எடை 45 கிலோ. அவர் 1,400 கலோரி உண்டு, 500 கலோரியைப் பயிற்சியில் செலவழித்தால் எஞ்சுவது 900, அதாவது கிலோவுக்கு 20 மட்டுமே. அவருக்கு வேண்டியது 2,025 கலோரியும் பயிற்சிச் செலவும் சேர்ந்த தொகை. இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும். நாள்தோறும் எண்ணிக்கொண்டிருப்பது நோயின் ஒரு பகுதியாகவே மாறிவிடும்.

உணவைக் கூட்டுவது

முதலில் ஓர் எச்சரிக்கை. உடல் நிறை குறியீடு (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 16க்குக் கீழ் இருப்பவர், ஆறு மாதங்களுக்குள் தன்னை அறியாமலே எடையில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவர், பத்து நாட்களுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றுமே உண்ணாதவர் ஆகியோர் வீட்டில் தாமாக உணவைக் கூட்டக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பின் மாவுச்சத்து திடீரென உள்ளே போனால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் ஆகியவை சரிந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்; மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் இவர்கள் மீள வேண்டும்.

மற்றவர்கள் இப்போது உண்பதோடு நாளொன்றுக்கு 250 முதல் 300 கலோரி சேர்த்துத் தொடங்கி, வாரந்தோறும் அதே அளவு கூட்டலாம். ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சேர்ந்தால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். காயையும் கீரையையும் குவித்து வயிற்றை நிரப்பும் பழக்கத்தைக் குறைத்து, இட்லிக்கு நல்லெண்ணெயும் பொடியும், சோற்றோடு பருப்பும் நெய்யும், தயிர், முட்டை, மீன் என்று அடர்த்தியான உணவுக்கு இடம் கொடுங்கள். மூன்று வேளை உணவும் இரண்டு சிற்றுண்டியும் நேரப்படி வேண்டும். நெடுநாள் பட்டினியில் பசியுணர்வே மங்கியிருக்கும் என்பதால் பசித்த பிறகு உண்ணலாம் என்று காத்திருப்பது இங்கே பயன்படாது. பயிற்சிக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்ண வேண்டும்.

முதல் இரண்டு வாரங்களில் எடை ஓரிரு கிலோ ஏறலாம். பெரும்பாலோர் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து நிரம்பும்போது ஒவ்வொரு கிராமுடனும் சுமார் மூன்று கிராம் நீரும் தங்குகிறது. முதலில் ஏறும் எடையில் பெரும்பகுதி அதுவே. எடைக் கருவியை அந்த நாட்களில் பரணில் ஏற்றிவிடுவது நல்லது. பின்னர் உண்மையாகவே சில கிலோ கூடினாலும், உடல் தன் இயல்பான எடையைத் தேடுகிறது என்று பொருள். அதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை.

பயிற்சியைக் குறைப்பது

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும்தான். அதற்கு மேல் செய்கிறவர் பாதியாகக் குறைத்து, வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு எடுக்க வேண்டும். மாதவிடாய் நின்றவரும் எலும்பில் வலி உள்ளவரும் ஓட்டத்தையும் கடும் பயிற்சியையும் மருத்துவர் சொல்லும்வரை நிறுத்திவைப்பதே சரி.

மருத்துவரிடம் எப்போது செல்வது

மயக்கம், நெஞ்சு வலி, படபடப்பு, ஓய்வில் நாடித்துடிப்பு 50க்குக் கீழ் இறங்குவது, உண்டதை வாந்தியெடுப்பது, பேதி மாத்திரையை எடைக்காகப் பயன்படுத்துவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கட்டுப்பாட்டைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னால்தான் இசிஜி, இரத்த உப்புகள், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய சோதனைகளை அவர் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். மாதவிடாய் ஆறு மாதங்களுக்கு மேல் நின்றிருந்தால் எலும்பு அடர்த்திச் சோதனையையும் கேளுங்கள். உணவைக் கூட்ட அறிவு ஒப்பியும் கை வரவில்லையென்றால் மனநல மருத்துவரின் உதவி தேவை. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம்.

வீட்டார் செய்ய வேண்டியது குறைவு. தட்டைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் கூடவே அமர்ந்து உண்ணுங்கள். தேறி வருகிறவரிடம், நல்ல எண்ணத்தோடுகூட, “கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டாய்” என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக மறுநாள் காலை உணவு தவிர்க்கப்படும். முடியும் மாதவிடாயும் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம், எலும்புக்கு அதைவிட நீண்ட காலம் பிடிக்கும் என்பதால், இந்தப் பொறுமை ஓராண்டுக்கேனும் தேவைப்படும்.