வெரிகோஸ் வெயின் தொல்லையைக் குறைக்கும் கால் பயிற்சிகள்: பெண்களுக்கான செய்முறை

கால்களிலிருந்து இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தை மேலே தள்ளும் வேலையைப் பெருமளவு செய்வது கெண்டைக்கால் தசைதான். அது சுருங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சிரைகள், அதாவது இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்கள், அழுத்தப்பட்டு இரத்தம் மேலேறுகிறது. ஏறிய இரத்தம் கீழே இறங்காதபடி சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அந்த வால்வுகள் சரியாக மூடாதபோது இரத்தம் தேங்கி, தோலுக்கு அடியிலுள்ள சிரைகள் புடைத்துச் சுருள்கின்றன. இதுவே வெரிகோஸ் வெயின். கர்ப்ப காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு கூடுவதாலும், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிரைச் சுவர்களைத் தளர்த்துவதாலும், வளரும் கருப்பை இடுப்புப் பகுதிச் சிரைகளை அழுத்துவதாலும் பெண்களிடம் இந்தத் தொல்லை மிகுதியாகக் காணப்படுகிறது.

பயிற்சியால் பழுதான வால்வு சீராகாது, புடைத்த சிரையும் மறையாது. அப்படி வாக்குறுதி தருபவர்களை நம்ப வேண்டாம். கால் கனம், உளைச்சல், மாலை நேர வீக்கம் ஆகியவை குறையலாம் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு.

முதல் படி, கணுக்கால் அசைவு. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை முன்னே நீட்டி, பாதத்தின் நுனியை உங்களை நோக்கி இழுத்துப் பின்பு எதிர்ப்புறம் நீட்டுங்கள். இவ்வாறு 15 முறை செய்த பின் கணுக்காலை இரு திசைகளிலும் 10 முறை சுழற்றி, மற்றக் காலுக்கு மாறுங்கள். நெடுநேரம் அமர்ந்து வேலை செய்பவர்கள் இதை ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஒருமுறை செய்யலாம்.

இரண்டாம் படி, குதிகால் உயர்த்துதல். ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் கெண்டைக்கால் தசை இதில்தான் முழுமையாக வேலை செய்கிறது. சுவரையோ கனமான நாற்காலியின் முதுகையோ பிடித்துக்கொண்டு, பாதங்களை இடுப்பு அகலத்திற்கு வைத்து, மெதுவாகக் குதிகால்களை உயர்த்தி 2 நொடிகள் நின்று, ஏறியதைவிடவும் மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று இறங்கினால் பயன் குறைந்துவிடும். மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, இரத்தம் மேலேறுவது தடைபடும். முதல் வாரம் 10 முறை போதும்; தசை வலிக்காவிட்டால் சிறிது சிறிதாக 20 வரை கூட்டலாம். நிற்கச் சிரமப்படுபவர்கள் அமர்ந்தபடியே செய்யலாம்.

மூன்றாம் படி, நடை. சமதளத்தில், குதிகால் உயரம் குறைந்த காலணியுடன், 10 நிமிடங்களில் தொடங்கி 30 நிமிடங்கள் வரை கொண்டு செல்லுங்கள்.

நான்காம் படி ஓய்வுதான் என்றாலும் அதைத் தவிர்க்க வேண்டாம். மல்லாந்து படுத்து, கால்கள் இதயத்தைவிட உயரமாக இருக்கும்படி தலையணைகளின் மேல் வைத்து 15 நிமிடங்கள் இருங்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் நெடுநேரம் மல்லாந்து படுப்பது நல்லதல்ல என்பதால், கர்ப்பிணிகள் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கால்களை உயர்த்திக்கொள்ளலாம்.

மூச்சடக்கிப் பெரும் பாரம் தூக்கும் பயிற்சிகளைத் தொடக்கத்தில் விலக்கி வையுங்கள். அழுத்தக் காலுறை அணிய விரும்பினால், தமனியில், அதாவது இதயத்திலிருந்து கால்களுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயில், அடைப்பு உள்ளவர்களுக்கு அது தீங்கு செய்யக்கூடும் என்பதால், மருத்துவர் அளவு பார்த்துச் சொன்ன பிறகே வாங்குங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி வலித்தால், பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். காலின் உள்ளே ஆழத்தில் இருக்கும் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அத்துடன் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு விரைய வேண்டும். புடைத்த சிரையிலிருந்து இரத்தம் கசிந்தால் உடனே படுத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவிக்கு ஆளை அழையுங்கள்.