ஊட்னடாட்டா மண் பாதையில் முகாம் போடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜூலை பள்ளி விடுமுறையில் தெற்கு ஆஸ்திரேலியாவின் மார்லா ஊரில் டீசல் போட நின்றிருந்தேன். பக்கத்து பம்பில் மெல்போர்னிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். வண்டிக் கூரை மேல் கூடாரம், பின்னால் இரண்டு சைக்கிள், உள்ளே இரண்டு பிள்ளைகளும் பாட்டியும். "ஊட்னடாட்டா வழியா மரீ வரைக்கும் போறோம் அண்ணா" என்றார் ஓட்டி வந்த தம்பி. குனிந்து பின் டயரை அழுத்திப் பார்த்தேன். தார் ரோட்டுக்கு அடித்த காற்று அப்படியே இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் என் வண்டியும் இதே நிலையில்தான் அந்தப் பாதைக்குள் போனது. அந்தத் தம்பியைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர், இருட்டிய பிறகு கங்காரு குறுக்கே வரும், அரை டேங்க் ஆனதும் நிரப்பிக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் மறுபடி மறுபடி பார்ப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

புதியவர்களுக்காக இரண்டு வரி. தெற்கு ஆஸ்திரேலியாவில் மரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் மண்ணும் சரளையும்தான் இந்தப் பாதை. கான் என்ற ரயிலின் பழைய தடத்தை ஒட்டிப் போகும். ரயில் இந்த வழியில் வந்ததே தண்ணீருக்காகத்தான். பூமிக்கடியில் இருக்கும் பெரிய ஆர்ட்டீசியன் படுகையின் நீர், வறண்ட நிலத்தின் நடுவே ஊற்று ஊற்றாக மேலே வருகிறது. கவர்ட் ஸ்பிரிங்ஸில் பேரீச்ச மரங்களுக்கு நடுவே வெதுவெதுப்பான ஊற்றுத் தொட்டியில் காலை நீட்டி உட்காரலாம். வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா என்று இடையில் இரண்டே ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

டயர்க் காற்றைக் குறைக்காமல் போவது

எங்கள் முதல் பயணம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், வாடகைக்கு எடுத்த ஃபோர் வீல் டிரைவ். வண்டி கொடுத்த இடத்தில் கீறல்களையெல்லாம் படம் எடுத்தார்கள், பத்துப் பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 38 பிஎஸ்ஐ (டயர்க் காற்றழுத்த அளவு) இருந்தது. காற்று நன்றாக இருந்தால் டயருக்கு நல்லது என்று நினைத்திருந்தேன்.

வில்லியம் கிரீக்கில் சாப்பிட்டுவிட்டு வடக்கே அறுபது கிலோமீட்டர் போயிருப்போம். பின் இடது டயர் போனது. பக்கச் சுவரில் கத்தியால் கீறியது போல விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. கெட்ட நேரம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஜாக்கி போட்டு ஸ்டெப்னியை மாட்டினேன், அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். அதே காற்று, அதே நூறு கிலோமீட்டர் வேகம்.

இன்றைக்கும் மனசு ஆறாதது இந்த இடத்தில்தான். ஒரு டயர் போனதும் ஐந்து நிமிடம் நின்று, இது ஏன் போனது என்று யோசித்திருக்கலாம். மீதி நான்கும் அதே காற்றில் இருக்கிறதே என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பின் வலது டயரும் அதே மாதிரி கிழிந்தது. ஸ்டெப்னி இல்லை. போனில் சிக்னல் இல்லை. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துத் தெற்கே போகும் ஒரு வயதான தம்பதி நின்றார்கள். அவர்களிடம் பஞ்சர் அடைக்கும் கிட் இருந்தது. டயரின் முகத்தில் ஆணி ஏறினால் அது உதவும், பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. சாட்டிலைட் போனில் ஊட்னடாட்டாவுக்குச் சொல்லி, எங்களுக்குச் சூப்பும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த இரவு பாதையோரம் கூடாரம் போட்டுப் படுத்தோம். சின்னவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், யாராவது வருவாங்களா அப்பா என்று.

மறுநாள் மதியம் டயரோடு ஒருவர் வந்தார். வந்ததும் டயரை இறக்கவில்லை. பையிலிருந்து காற்று அளக்கும் கேஜை எடுத்து நல்ல டயர்களில் வைத்துப் பார்த்தார். முந்தின நாள் ஓட்டத்தின் சூட்டில் 44 வரை போயிருக்கும் என்றார். ஒன்றும் திட்டாமல் ஒவ்வொன்றாக உட்கார்ந்து காற்றை இறக்கினார், அப்புறம்தான் வேலையை ஆரம்பித்தார். டயருக்கு நகரத்து விலையைப் போல இரண்டு மடங்கு, அவர் வந்து போன செலவு தனி. வாடகைக் காப்பீட்டில் டயருக்கு ஒரு பைசா கிடையாது. ஊர் திரும்பி ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தபோது, நான் போன பாதைக்கே அனுமதி இல்லை என்று தெரிந்தது. நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே படியுங்கள்.

காரணம் எளிது. இறுக்கமாக ஊதிய பலூனில் ஊசி பட்டால் உடனே வெடிக்கும். காற்று குறைந்த டயர் கல்லின் மேல் ஏறும்போது வளைந்து கொடுக்கும், கல்லைச் சுற்றி அணைத்துக்கொண்டு போகும். பாதை நெடுக வரும் அலை அலையான மேடு பள்ளத்திலும் அதிர்ச்சி குறையும். கூரைக் கம்பியும் பேட்டரிப் பிடியும் உடையாமல் ஊர் வந்து சேரும். இங்கே கிப்பர் என்று சொல்லும் சிவந்த கற்கள் பார்க்க வழவழவென்று இருக்கும். பாதையைச் சீர்செய்யும் இயந்திரம் புரட்டிப் போட்டவற்றில் உடைந்த முனைகள் கத்திதான்.

நான் இப்போது வைப்பது: சுமை ஏற்றிய என் வண்டிக்குத் தார் ரோட்டில் 38, சரளையில் 28, ஆழ்ந்த மணலில் 18. உங்கள் வண்டியின் எடையும் டயரும் வேறு, அதனால் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி அளந்து பாருங்கள். சாதாரணக் கார் டயராக இருந்தால் 4 பிஎஸ்ஐ, கனரக டயராக இருந்தால் 6 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். அதைவிட அதிகமாக ஏறியிருந்தால் காற்று போதவில்லை, அல்லது வேகம் அதிகம். ஏறவே இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.

காற்றை இறக்கினால் வேகத்தையும் இறக்க வேண்டும். இதைப் பாதி பேர் விட்டுவிடுகிறார்கள். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. வேகமாக ஓட்டினால் அந்தச் சூட்டிலேயே டயர் கெட்டுவிடும். 80க்கு மேல் போகாதீர்கள், நான் பெரும்பாலும் 70தான். தார் ரோடு வந்ததும் கம்ப்ரசரை எடுத்து மறுபடி அடித்துவிடுங்கள். நான்கு டயருக்கும் சேர்த்து இருபது நிமிடம் ஆகும்.

ஸ்டெப்னி இரண்டு வேண்டும். கிளம்பும் முன்பே வீட்டு வாசலில் ஒரு முறை வண்டிக்கடியிலிருந்து அதை இறக்கிப் பாருங்கள். துருப்பிடித்து இறங்காத ஸ்டெப்னியையும், ஜாக்கிக் கம்பியே இல்லாத வாடகை வண்டியையும் நான் பார்த்திருக்கிறேன். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகையும் எடுத்துக்கொள்ளுங்கள், மண்ணில் ஜாக்கி புதைந்துபோகும்.

வண்டி நின்றுபோனால் இறங்கி நடந்து கிளம்புவது

வேண்டாம். வண்டியோடு இருங்கள்.

காய்ந்த ஓடையில் கூடாரம்

வெயிலில் நாள் முழுக்க ஓட்டி வந்தவருக்கு, ஓடை மணலும் இரு கரையிலும் ரிவர் ரெட் கம் மரங்களும் சொர்க்கமாகத் தெரியும். மழை நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெய்தாலும் அந்த ஓடையில் தண்ணீர் வரும், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாகத்தான் இருக்கும். அந்த மரங்கள் காற்றே இல்லாத பகலிலும் பெரிய கிளையை முறித்துப் போடும். கரையேறி, எந்தக் கிளைக்கும் நேர் கீழே இல்லாத இடமாகப் பாருங்கள். 1892ல் கட்டிய ஆல்ஜிபக்கினா ரயில் பாலம் 578 மீட்டர் நீளம். அதன் அடியில் பெரும்பாலான நாட்களில் அங்கங்கே குட்டைதான் நிற்கும். அவ்வளவு நீளமாக ஏன் கட்டினார்கள் என்று அங்கே நின்று பார்த்தால் புரிந்துவிடும்.

மாட்டுத் தொட்டி பக்கத்திலும் முகாம் போடாதீர்கள். இந்தப் பாதை பெரும்பாலும் மாட்டுப் பண்ணைகளுக்குள்ளேதான் போகிறது. மனிதர்களும் வெளிச்சமும் இருந்தால் மாடுகள் கிட்டே வரப் பயந்து, தாகத்தோடு இருட்டில் தள்ளியே நிற்கும். ஒரு இரவு டார்ச் அடித்தபோது அப்படி நின்ற கண்களைப் பார்த்தேன். உடனே கூடாரத்தைப் பிரித்து நகர்ந்தோம்.

பாலைவனம்தானே, குளிராது

ஜூலையில் விடியற்காலை பாத்திரத்துத் தண்ணீரில் மெல்லிய பனிக்கட்டி பார்த்திருக்கிறேன். இதே ஊட்னடாட்டாவில்தான் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது, அந்தப் பெயரை வைத்து ஜூலைக்குத் துணி எடுத்துவைக்காதீர்கள். மேலே போர்த்துவதைவிட அடியில் விரிப்பது முக்கியம். குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

தூசி

ஜன்னலை மூடுங்கள், ஏசியை வெளிக்காற்று எடுக்கும்படி வைத்து விசிறியைக் கூட்டுங்கள். உள்ளே அழுத்தம் இருந்தால் தூசி நுழையாது.

"பாதை மூடப்பட்டது" பலகையைத் தாண்டுவது

தாண்டாதீர்கள். அபராதம் பெரியது. ஈரமான பாதையில் நீங்கள் உழுதுவிட்டுப் போகும் தடம் காய்ந்ததும் பாறை போல் இறுகிவிடும், அப்புறம் வாரக்கணக்கில் அந்தப் பண்ணைக்காரர்கள்தான் அதில் ஓட்ட வேண்டும்.

பச்சை மிளகாய்

சிட்னியிலிருந்து புரோக்கன் ஹில் வழியாக வருபவர்கள் தக்காளி, எலுமிச்சை, பச்சை மிளகாய் கட்டி எடுத்து வராதீர்கள். பழ ஈ பரவாமல் இருக்கத் தெற்கு ஆஸ்திரேலியாவில் சோதனைச் சாவடி வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும். போர்ட் அகஸ்டாவில் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு வடக்கே மரீ வரை பச்சைக் காய்கறி பெரிதாகக் கிடைக்காது.

மார்லாவில் பார்த்த அந்தத் தம்பியிடம் கேஜ் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து நான்கு டயரிலும் காற்றை 28க்கு இறக்கினோம். பாட்டி வண்டியிலிருந்து இறங்கி எங்களுக்கு முறுக்கு கொடுத்தார். என்னிடம் இருந்த இரண்டாவது கேஜை அந்தத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து மரீயிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். பழைய கான் இன்ஜின் முன்னால் எல்லோரும் நிற்கிறார்கள், பக்கத்தில் செம்மண் படிந்த வண்டி, கிளம்பும்போது இருந்த அதே நான்கு டயர்கள்.