எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளிக் பண்ணாதீர்கள்

ஒரு சாயங்காலம் தஞ்சைப் பெரிய கோயிலில் எண்பது, தொண்ணூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தேறியது நாலு. மற்றதில் எல்லாம் வானம் சுண்ணாம்பு, விமானம் (கருவறை மேலே நிற்கும் கோபுரம்) கரிக்கட்டை. எடிட்டிங்கில் இருட்டான இடத்தைத் தூக்கும் ஷேடோ ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்தேன், கல்லின் வேலைப்பாடு வரும் என்று பார்த்தால் மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளிகள் வந்தன. வெளிச்சமான இடத்துக்கான ஹைலைட்டை இறக்கினால் வெள்ளை வானம் சாம்பல் வானமானது, அவ்வளவுதான்.

கோயில் கிழக்கு பார்த்தது. வாசல் வழியாகப் போய் நந்தி மண்டபத்துப் பக்கம் நின்று மாலையில் எடுத்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் நிற்கும், எந்த கேமராவும் திணறும். அதே இடத்தில் காலை ஏழு மணிக்கு நின்றால் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து நேராகக் கல்லில் விழும். மாலையில்தான் போக முடியும் என்றால் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கு மூலைக்குப் போய்விடுங்கள். மூலையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல், விமானத்துக்குக் கனம் வரும்.

இடம் சரி, அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்தில் எவ்வளவு வெளிச்சம் பதியவேண்டும் என்பது. போனில் வானத்தின் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். இருட்டான இடத்தை ஓரளவு தூக்கலாம், முழுக்க வெளுத்த இடத்தில் தூக்கவும் இறக்கவும் எதுவுமே பதிவாகியிருக்காது. வழக்கமாகச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான், கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. அதனால் ரா எடுத்தால் எடிட்டிங்கில் கை தாராளமாக இருக்கும், ஆனால் வெளுத்துப்போன வானத்தை அதுவும் ரொம்ப தூரம் காப்பாற்றாது.

உயரமான கட்டடத்துக்கு எல்லோரும் செய்வது, கிட்டே போய் போனை அண்ணாத்திப் பிடிப்பது. 200 அடிக்கு மேல் உயரமுள்ள விமானம் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கும். பின்னால் நடங்கள், போனை நிமிர்த்திப் பிடியுங்கள், கீழே தரை நிறைய வந்தால் வரட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். சாய்வை எடிட்டிங்கில் நிமிர்த்த முடியும்தான், ஆனால் நிமிர்த்தும்போது இரண்டு ஓரமும் வெட்டுப்படும், அதனால் பக்கவாட்டில் இடம் விட்டு எடுங்கள். எல்லாவற்றையும் கிராப்பில் சரிசெய்யலாம் என்று இருக்கவும் கூடாது: நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று வெட்டினால் 12 மெகாபிக்சல் படம் 3 மெகாபிக்சலாகிவிடும். போனில் பார்க்க அது போதும், பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்ட முடியாது.

கிளிக் பண்ணுமுன் ஃபிரேமின் நாலு மூலையையும் ஒரு தடவை பாருங்கள். குப்பைத் தொட்டி, பாதி வெட்டுப்பட்ட ஆள், யாரோ வைத்த தண்ணீர் பாட்டில். புல்தரை மேல் கிடப்பதை அழிக்கும் கருவி சுலபமாக அழித்துவிடும், சிற்பத்தை மறைத்து நிற்கும் ஆளை அழித்தால் அங்கே ஒரு கல்கஞ்சிதான் மிஞ்சும். அரை நிமிடம் பொறுங்கள், அவரே நகர்ந்துவிடுவார். தூரத்தில் தனியாக நடக்கும் ஒருவரை மட்டும் விட்டுவைக்கலாம், அவரை வைத்துத்தான் கோயிலின் உயரம் தெரியும்.

பிரகாரத்தில் ஓடும் குழந்தைகளை எடுக்க ஷட்டர் வேகம் 1/500 நொடி வேண்டும். இருட்டு மண்டபத்தில் ஐஎஸ்ஓவை (படத்தை வெளிச்சமாக்கும் அமைப்பு, ஏற்றினால் புள்ளிகள் வரும்) ஏற்றத் தயங்காதீர்கள், புள்ளிகளைக் குறைக்கலாம், கை ஆடிய படத்தைச் சீராக்குவது பெரும்பாலும் நடக்காத காரியம். முகத்தை எடுக்கும்போது இரண்டடி பின்னால் போய் 2எக்ஸ் லென்ஸ் வையுங்கள், ஒட்டி நின்று எடுத்தால் அத்தை மூக்கு பெரிதாகி, அத்தை கோபித்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் முன்னால் லென்ஸை வேட்டி நுனியிலாவது துடையுங்கள். படத்தில் தெரியும் மங்கல் பாதி நேரம் விரல் எண்ணெய்தான்.

இவ்வளவும் செய்தால் எடிட்டிங் ஐந்து நிமிட வேலை. முதலில் நேராக்கி வெட்டுங்கள், பிறகு ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறச்சாயலைச் சரிசெய்வது), பிறகு வெளிச்சம், கடைசியில் நிறம். கல் ஆரஞ்சு மிட்டாய் நிறத்துக்குப் போகிறது என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

அந்த நாலு படம் எப்படித் தேறின என்கிறீர்களா? கூட வந்த பையனைக் காணோம் என்று தேடிக்கொண்டு பின்பக்கம் போனபோது எடுத்தவை.